பந்தியில் சொன்ன பதில்

எங்கள் வருவாய்த் துறை ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள் உள்பட, சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பிரியதர்ஷினி, வருவாய் ஆய்வாளராகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். "ஐயா, வருமானச் சான்று கேட்பவர் தன் சம்பளத்தில் பி.எஃப். கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். பிடித்தம் போக மீதியைத்தான் வருமானமாக எடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஒன்பது பதில்கள். நான்கு பேர் ஆமாம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள், ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார், ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆமாம் என்று சொன்ன அந்த நான்கு பேரில் ஒருவராவது எதையாவது புரட்டிப் பார்த்திருப்பார்களா? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, டீக்கடையில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தட்டிவிட்ட பதில்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிரியதர்ஷினிக்குத் தனியாக "இல்லை. மொத்தச் சம்பளம்தான் வருமானம். பி.எஃப். என்பது அவருடைய பணம், அவர் சேர்த்து வைக்கிறார், அவ்வளவுதான்" என்று அனுப்பினேன். "நன்றி ஐயா, எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று திரும்பக் கேட்டார். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில். தபால் பிரிவில் முத்திரை குத்தினேன், பதிவறையில் தூசி தின்றேன், தேர்தல் வந்தால் பெட்டி சுமந்தேன். அங்கே கற்றது ஒரே ஒரு வாக்கியம். மேஜைக்கு முன்னால் நின்று யார் எது கேட்டாலும் "பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். உண்மையில் எங்கள் வேலையில் நாணயமான பதில் அது ஒன்றுதான்.

பிறகு பண்ருட்டிப் பக்கம் சில வருடம். வருமானச் சான்று என்றால் என்ன என்பதை அங்கேதான் பார்த்தேன். பலாப்பழ மண்டி வைத்திருப்பவர், முந்திரிக்கு இரண்டு லாரி ஓட்டுபவர், வட்டிக்கு விடுபவர், எல்லோருடைய மனுவிலும் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு திட்டத்துக்கு அது வரம்பாக இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரே நின்றது. ஒரு மண்டிக்காரரிடம், "உங்க வீட்டு நாய்க்குப் போடுற கறிக்கே இது பத்தாதே" என்று கேட்டேன். "நாயி தனி ரேஷன் கார்டு சார்" என்று சிரித்தார். ஆனால் மாதச் சம்பளக்காரன் சிரிக்க முடியாது. அவன் கையில் சம்பளச் சீட்டு இருக்கிறது. அதில் ஒளித்து வைக்க இடமில்லை. இந்த அநியாயம் எனக்கு முப்பது வருடமும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் சிதம்பரத்தில் வருவாய் ஆய்வாளராக வந்தபோது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கிராம நிர்வாக அலுவலர்கள் சாதாரணமாகக் கடைசி மாதச் சீட்டு ஒன்றை வாங்கிப் பன்னிரண்டால் பெருக்கிவிடுவார்கள். அந்த மாதம் கூடுதல் நேர வேலை, அதாவது ஓ.டி., பார்த்திருந்தால் தொலைந்தான். வருடம் முழுக்க ஓ.டி. பார்த்ததாகக் கணக்காகிவிடும். நான் பன்னிரண்டு சீட்டையும் கேட்பேன், உட்கார்ந்து கூட்டுவேன். "இவரு ஒருத்தரு, பன்னெண்டு சீட்டு" என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

எனக்கு மேலே மண்டலத் துணை வட்டாட்சியராக இருந்தவர் சகுந்தலா மேடம். அவர் கையெழுத்தில்தான் சான்று வெளியே போகும். எல்லாம் ஆன்லைன் ஆன பிறகும் என் விசாரணைக் குறிப்பைத் தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்து வைக்கச் சொல்வார். திட்ட மாட்டார், கத்த மாட்டார், மனுவைத் தூக்கி வீசும் பழக்கமும் கிடையாது. பென்சிலை எடுத்து, குறிப்பில் எந்த வரி நொண்டுகிறதோ அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைப்பார். பிறகு அடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். என்ன தப்பு என்று நாமே நின்று கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். அந்த மௌனத்துக்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பி குணசேகரன், குணா என்று கூப்பிடுவோம், கடலூர் முதுநகருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவு, சம்பளம், பி.எஃப். எல்லாம் அவன் கையில். நல்லவன். அவனுடைய கஷ்டம் என்னவென்றால் எல்லோருக்கும் நல்லது செய்ய வேண்டும், அதுவும் உடனே செய்ய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் உறவில் ஒரு காதணி விழா. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அன்றைக்கு நல்ல பசி. சாம்பார் முடித்து வத்தக்குழம்புக்கு வந்திருக்கிறேன்.

"மாமா, ஒரு டவுட்டு. இந்த வருமான சர்டிபிகேட்டுக்கு பி.எஃப். புடிச்சது போக கையில வர்றதுதானே கணக்கு?"

"ஆமா, கையில வர்றதுதான்" என்றேன். அப்பளம் எடுத்து வருபவரைக் கைகாட்டி அழைத்துக்கொண்டே சொன்னேன்.

அவ்வளவுதான் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் செத்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பாத்துச் சொல்றேன் என்றிருப்பேன். எனக்கு அந்த விதி அப்போது தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது. இலை முன்னால் இருந்தது, மச்சான் கேட்டான், வாய் பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பந்தி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜூலை மாதம். கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் எங்கள் அலுவலகம் சந்தைக்கடையாக இருக்கும். கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து முருகையன் என்பவருடைய மனு வந்தது. மூத்த மகள் பவித்ராவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். ஒரு ரூபாய் தாண்டினாலும் மொத்தக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். பாதி உதவி, கால் உதவி என்பதெல்லாம் கிடையாது.

முருகையன் வேலை செய்தது குணாவின் தொழிற்சாலையில். விடிவதற்குள் பஸ் பிடித்துக் கடலூர் போய் வருகிற மனிதர். பன்னிரண்டு சீட்டும் ஒழுங்காக நூல் கோத்து வைத்திருந்தார். கூட்டினேன். மொத்தச் சம்பளம்தான் கணக்கு என்பதை இதற்குள் ஓர் ஆணையில் பார்த்துவிட்டிருந்தேன், பந்தியில் சொன்னது மறந்தே போயிருந்தது. ஓ.டி. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம். வரம்புக்குள் இருக்கிறது. எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் வழக்கமான பி.எஃப். பிடித்தத்துக்குக் கீழே இன்னொரு நாலாயிரம் பிடித்திருந்தது. இவ்வளவு சம்பளத்தில் எதற்கு இவ்வளவு சேமிப்பு என்று புரியவில்லை. புரியாததை நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம். மினி பஸ் பிடித்துப் போனேன்.

முருகையன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி தமிழ்ச்செல்வி அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். கடைகளில் கொடுக்கிற ஒரே நிறச் சேலை, தோளில் பை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வீட்ல வேற யாராவது வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டேன். படிவத்தில் இருக்கிற கேள்வி.

"நான் போறேன் சார். சிதம்பரத்துல ஜவுளிக்கடை. எட்டு மாசமா போறேன். மாசம் அஞ்சாயிரம் குடுக்குறாங்க" என்றார். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. முகத்தில் அவ்வளவு நிமிர்வு. "மொதல்ல மடிக்கத்தான் வுட்டாங்க. இப்ப பில்லு போடவும் வுட்டிருக்காங்க சார்."

எட்டு மாதம், நாற்பதாயிரம். என் பேனா அப்படியே நின்றது. இரண்டு எண்பத்தாறு.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி போவலயா?"

"எதுக்கு சார் போவணும்? அவரு சம்பளத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்த பி.எஃப்.ல ஜாஸ்தி புடிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு, அப்புறம் மாசம் நாலாயிரம் கொறைஞ்சு போச்சு. ஆறு மாசம் தள்ளிப் பாத்தேன். மளிகைக் கடையில நிக்க முடியல. அதான் கெளம்பிட்டேன்."

"அவரு ஏன் அப்படி எழுதிக் குடுத்தாரு?"

"சர்டிபிகேட்டுக்குத்தான் சார். ஓ.டி. மாசத்த பன்னெண்டால பெருக்குவாங்க, ரெண்டரைய தாண்டிடும்னு அவருக்கு பயம். பி.எஃப். ஏத்துனா வருமானம் கொறையும்னு கம்பெனில சொல்லியிருக்காங்க. நெறைய பேரு ஏத்திட்டாங்க. தாலுக்கா ஆபீஸ்லயே கேட்டுட்டு வந்துதான் சொன்னாங்களாம்."

தாலுக்கா ஆபீஸில் யாரைக் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வத்தக்குழம்பு வாசனையே வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். முருகையன் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் என் மேஜையில் பன்னிரண்டு சீட்டு கூட்டி, இரண்டு நாற்பத்தாறு என்று எழுதி, சான்று கையில் வந்திருக்கும். வருமானத்தைக் குறைக்கிறேன் என்று பி.எஃப்.பை ஏற்றினார். அதனால் வருமானம் ஒரு காசு குறையவில்லை. வீட்டில் துட்டு குறைந்தது. துட்டு குறைந்ததால் அந்த அம்மா வேலைக்குப் போனார். அவர் போனதால் வருமானம் ஏறிவிட்டது. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அன்று மாலையே குணாவுக்கு போன் போட்டேன்.

"டேய், எத்தன பேருகிட்டடா சொன்ன?"

"நோட்டீஸ் போர்டுல எல்லாம் போடல மாமா. கேட்டவங்களுக்குச் சொன்னேன். ஒரு இருபது பேரு இருக்கும்."

"யாருடா உன்ன சொல்லச் சொன்னது?"

"நீங்கதான மாமா சொன்னீங்க? மேல்பட்டாம்பாக்கத்துல? நீங்களே சொன்ன பொறவு நான் வேற யாரப் போய் கேக்கறது?"

போனை வைத்தேன். அலுவலகத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கிற ஒரு அதிகாரியை அவன் நம்பிவிட்டான். அதற்கு அவனை என்ன சொல்வது?

மறுநாள் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பொய் எழுதினேன். மனைவி, ஜவுளிக்கடைப் பணி என்று முதலில் எழுதி, வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதி, அதன் மேல் இல்லத்தரசி என்று எழுதினேன். யார் பார்க்கப் போகிறார்கள்? லாரி வைத்திருப்பவனெல்லாம் எழுபத்திரண்டாயிரம் என்று வாங்கிக்கொண்டு போகிறான். அந்த அம்மா புடவை மடித்து வாங்கிய ஐயாயிரத்தில்தானா அரசாங்கம் நடக்கிறது?

சகுந்தலா மேடம் தாளைப் படித்தார். பென்சிலை எடுத்தார். வெள்ளை மைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. தாளைத் திருப்பி வைத்தார், அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அன்றைக்கு இருபது நிமிடம் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். பந்தி, அப்பளம், குணா, எட்டு மாதம், எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

"நேர்ல போனீங்க இல்ல?"

"போனேன் மேடம்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"வேலைக்குப் போறேன்னு சொன்னாங்க."

"அப்ப அவுங்க சொன்னத எழுதுங்க. நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா, கடையில ரெஜிஸ்டர் இருக்கு. சர்டிபிகேட்ட கேன்சல் பண்ணுவாங்க, குடுத்த பணத்த திருப்பிக் கேப்பாங்க. அந்தப் பொண்ணு படிப்பு பாதியில நிக்கும். உங்க மனசு ஆறுறதுக்கு அவுங்கள மாட்டி வுடாதீங்க." அடுத்த தாளை எடுத்து, தலையைத் தூக்காமலே, "சாப்புடுறப்போ ரூல் சொல்லாதீங்க சார்" என்றார்.

புதுத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் என்று சான்று போனது. உதவித்தொகை கிடைக்கவில்லை. முருகையன் பி.எஃப்.பில் அட்வான்ஸ் போட்டு முதல் வருடக் கட்டணத்தைக் கட்டினார் என்று குணா சொன்னான். பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்ததில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. இதில் கொடுமை என்னவென்றால், ஒரு நாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் முருகையனே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லவேள சார், பி.எஃப். ஏத்தி வச்சிருந்தேன், அது ஒதவுச்சு. நல்ல யோசனதான் சொன்னாங்க" என்றார். நான் பஸ் கிளம்புகிறது என்று சொல்லிவிட்டு, எனக்குச் சம்பந்தமே இல்லாத விருத்தாசலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

அடுத்த ஜூலையில் முருகையனுடைய மனு மறுபடி வந்தது. இரண்டாம் வருடத்துக்காவது உதவித்தொகை கிடைக்குமா என்று போட்டிருந்தார். பன்னிரண்டு சீட்டு, நூல் கோத்து. கூடுதல் பி.எஃப். பிடித்தம் இல்லை. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் ஒரு சீட்டில்கூட ஓ.டி. இல்லை. கூட்டினால் இரண்டு நாற்பத்தெட்டு. எனக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

தமிழ்ச்செல்வி வீட்டில் இருந்தார், சாதாரண நூல் சேலையில். அந்தக் கடைச் சேலை கொடியிலும் இல்லை, எங்கும் இல்லை. அவருடைய சின்ன மகள் உள்ளே சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நின்னுட்டேன் சார். போன வருஷம் சர்டிபிகேட்ல ரெண்டு எம்பத்தாறுன்னு பாத்த மறுநாளே மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவருகூட கேட்டாரு, ஏம்மா, கேஷ்ல ஒக்கார வைக்கலாம்னு இருக்கேன், இப்பப் போய் நிக்கிறியேன்னு." படிவத்தைப் பார்த்தார். "எழுதுங்க சார், வேலை இல்லன்னு. நெசமாத்தான் இல்ல. இவரும் ஓ.டி.க்கு கூப்புட்டா போறதில்ல. ரெண்டரைக்கு உள்ளயே இருந்துக்கறோம்."

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மா, அந்த பி.எஃப். விஷயம்... தாலுக்கா ஆபீஸ்ல சொன்னாங்கன்னு சொன்னீங்களே. அது நான்தாம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியும் சார்" என்றார். "குணா சார் போன வருஷமே வந்து அழாத கொறையா சொல்லிட்டாரு. அவருகிட்டயும் சொன்னேன், நீங்களா சார் எங்கள வேலைக்கு அனுப்புனீங்க, நாங்களாத்தான் போனோம்னு. உண்மைய சொல்லணும்னா அந்த எட்டு மாசம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

நான் எழுதினேன். மனைவி, இல்லத்தரசி. போன வருடம் வெள்ளை மை பூசி எழுதிய அதே வார்த்தை. இந்தத் தடவை அது உண்மை, ஒரு கேள்விக்குறியும் வராது. எனக்குக் கோபம்தான் வந்தது.

எழுந்தேன். வாசல்வரை வந்தவர் ஒன்று கேட்டார்.

"சார், பெரியவளுக்கு இன்னும் மூணு வருஷம் படிப்பு இருக்கு. அது முடியறப்போ சின்னவ காலேஜு வந்துடுவா. அவளுக்கும் இதே சர்டிபிகேட்டுதான வேணும்? அதுவரைக்கும் நான் வேலைக்கே போவக் கூடாதா?"

"பாத்துச் சொல்றேம்மா" என்றேன்.

பார்த்துவிட்டேன். அந்த மாதமே சகுந்தலா மேடத்தின் அலமாரியிலிருந்த ஆணைகளை எல்லாம் எடுத்து இரண்டு தடவை படித்தேன். பதில், அவர் வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சிதம்பரத்திலிருந்து அந்த ஊருக்கு மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.